நாற்பத்தொன்றாவது மாணவன்

கல்வித் துறையின் திட்டப் பிரிவில் இணை இயக்குநராக வீற்றிருப்பவரும், என் மனைவிக்கு ஒரே தம்பியுமாகிய மாப்பிள்ளை அவர்களுக்கு, ஏழாம் வகுப்புக் கணக்கு வாத்தியாரும் உங்கள் அத்தானுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே உங்கள் அக்கா நலம். சென்ற மழையில் ஒழுகிய கூரையும் அடைக்கப்பட்டு நலமாக இருக்கிறது. நான் மட்டும் நலமில்லை. நீங்கள் நலமாக இருப்பது வாரம் தவறாமல் வரும் சுற்றறிக்கைகளிலிருந்தே தெரிகிறது. உங்கள் சின்னவளுக்குப் பல் முளைத்ததாகக் கேள்விப்பட்டோம், மிக்க மகிழ்ச்சி. "இந்த உபசாரமெல்லாம் எதுக்கு? அவன் என் தம்பி. நேரா விஷயத்துக்கு வாங்க" என்று உங்கள் அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று துணி மடித்துக்கொண்டே சொல்கிறாள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை எனக்கு ஓர் ஆணை வந்தது. நான் உபரி ஆகிவிட்டேனாம். என் வகுப்புக்கு இனி ஆசிரியர் தேவையில்லை என்று கண்டறியப்பட்டிருப்பதால், வரும் முதல் தேதி நான் வகுப்பை விட்டு இறங்கி, துறையின் கிடங்குக்குப் போய், பழுதான டேப்லெட்டுகளின் சார்ஜர் ஒயர்களைச் சிக்கெடுத்துச் சுற்றி வைக்க வேண்டுமாம். அடியில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. சின்ன வயதில் கோழி கிளறினாற்போல எழுதுவீர்கள், இப்போது நன்றாகத் தேறியிருக்கிறது. மாப்பிள்ளை, கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே நான் வகுப்பறைக்குள் கால் வைத்தவன். பகலில் வேறு எங்கும் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. அந்த ஆணையை நீங்கள் கிழித்துப் போட வேண்டும். இந்தக் கடிதத்தின் சாரம் அவ்வளவுதான். மீதியெல்லாம் இது எப்படி நேர்ந்தது என்ற விளக்கம். படிக்க நேரமில்லாவிட்டால் முதலில் கிழித்துவிட்டுப் பிறகு படிக்கவும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லிப் பார்த்தேன். உங்கள் உதவியாளர்தான் எடுத்தார். நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள், "பாப்பா, போனை வெச்சு விளையாடக் கூடாது, அம்மாகிட்ட குடு" என்று வைத்துவிட்டார். என் குரல் ஏன் அப்படி ஆனது என்பது கீழே வரும். துறையின் குறைதீர்ப்புச் செயலியிலும் எழுதினேன். "உங்கள் மகிழ்ச்சியை எங்களுடன் பகிர்ந்தமைக்கு நன்றி" என்று பதில் வந்தது. ஆகவே காகிதம்.

உங்கள் சுற்றறிக்கையை நான் குறை சொல்லமாட்டேன். வகுப்பில் ஆசிரியர் பேச்சு நூற்றுக்கு முப்பதைத் தாண்டக் கூடாது, மீதியைப் பிள்ளைகள் பேச வேண்டும் என்பது நல்ல கருத்து. படித்தபோது நானே தலையாட்டினேன். ஆனால் அதை அளப்பதற்கு ஒரு டேப்லெட்டைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டி, அதற்குள் ஒரு செயலியை வைத்து, அதற்குக் காதும் கொடுத்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்கும் கொடுத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கெட்ட காலம் பிடித்தது. அந்தச் செயலிக்கு ஆள் தெரியாது, குரல்தான் தெரியும். கனத்த குரல் கேட்டால் ஆசிரியர், மெல்லிய குரல் கேட்டால் பிள்ளை. அதன் ஞானம் அவ்வளவுதான். என் தொண்டை எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் இடி. நான் ஏழாம் வகுப்பில் நடத்தினால் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டாம் வகுப்பும் சேர்ந்து பாஸ் பண்ணும் என்று தலைமையாசிரியையே சொல்வார். ஏன், உனக்கு ஏழாம் வாய்ப்பாட்டை மண்டையில் ஏற்றியது எந்தத் தொண்டை? இதே தொண்டைதானே? அப்போது எந்த விளக்காவது எரிந்ததா? நீ அழுதாய், வாய்ப்பாடு வந்தது. மன்னிக்கவும், நீங்கள் அழுதீர்கள்.

முதல் நாள் உள்ளே நுழைந்து "உட்காருங்க" என்றேன். சிவப்பு எரிந்தது. அதுவரை வகுப்பில் பேசியது நான் ஒருவன்தான் என்பதால் ஆசிரியர் பேச்சு நூற்றுக்கு நூறு என்று கணக்குப் போட்டிருந்தது. கணக்கு சரி. கணக்கு வாத்தியார் என்ற முறையில் என்னால் மறுக்க முடியவில்லை. சரி, பிள்ளைகள் பேசட்டும் என்று விட்டேன். "என்ன சார் பேசறது?" என்றார்கள். "எதையாவது" என்றேன். முந்தின நாள் பந்து விளையாட்டில் யார் யாரைத் தள்ளிவிட்டது என்று பாடவேளை முழுக்கப் பேசினார்கள். பச்சையாய் எரிந்து தள்ளியது. கடைசியில் பின்னம் என்று நான் வாயெடுத்தேன், மஞ்சள். மின்விசிறி கொஞ்சம் கனமாக முனகும், அதையும் ஆசிரியர் என்றே எண்ணியது, அதனால் விசிறியை நிறுத்தி வேர்த்து வழிந்தோம். சாக்பீஸ் கீச்சிட்டால் அதைப் பிள்ளை என்று எடுத்துக்கொண்டது, அதனால் நான் பலகையில் வேண்டுமென்றே கீச்சிட்டுக் கீச்சிட்டு எழுதினேன். அந்த ஒரு வாரம் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கணக்குப் படித்தார்கள். ஆனாலும் வாரக் கூட்டத்தில் தலைமையாசிரியை எல்லார் விளக்கையும் உரக்கப் படித்தபோது, பள்ளியிலேயே கெட்டியான சிவப்பு என்னுடையதுதான். வரலாற்று டீச்சருக்குப் பச்சை, ஏனென்றால் அவர் போர் நடத்துவதை விட்டுவிட்டு ராஜாக்களைப் பற்றி ஜோக் சொல்ல ஆரம்பித்திருந்தார். பிள்ளைகளின் சிரிப்பும் பிள்ளைகளின் பேச்சுக் கணக்கில் சேரும் என்று அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். விளையாட்டு மாஸ்டருக்கு இன்னும் கொழுத்த பச்சை. அவர் வாயே திறப்பதில்லை, விசில்தான்.

அந்த மாஸ்டர்தான் என்னை வராந்தாவில் ஓரங்கட்டினார். "சார், அதுக்கு உங்களையா தெரியும் என்னையா தெரியும்? கீச்சுன்னு கேட்டா பிள்ளைன்னு நினைச்சுக்குது. நீங்களும் கீச்சுன்னு பேசிட்டுப் போங்களேன். யாரு கேக்கப் போறாங்க?" என்றார். யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் தொடர்ந்து சிவப்பு எரிபவர்கள் பயிற்சிக்கு அனுப்பப்படுவார்கள் என்று படித்தார்கள். பயிற்சியும் அந்தச் செயலியிலேயே என்றார்கள். மறுநாள் நான் வகுப்புக்குப் போய், தொண்டையை இறுக்கிப் பிடித்து, எலி பேசினால் எப்படி இருக்குமோ அப்படி, "எல்லாரும் பக்கம் முப்பத்திரண்டைத் திறங்க" என்றேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை, மாப்பிள்ளை. அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. முதல் பெஞ்சுப் பையன் எழுந்து, "சார், தண்ணி வேணுமா? ஆபீஸ்ல சொல்லட்டுமா?" என்றான். டேப்லெட்டைப் பார்த்தேன். பச்சை. அப்படியொரு பச்சையை என் வாழ்க்கையில் நான் அதுவரை பார்த்ததில்லை.

இரண்டு நாளில் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. எனக்குத்தான் பழகிவிட்டதே என்ற கவலை. வீட்டிலும் அதே குரல் வர ஆரம்பித்தது. ஒருநாள் இடைவேளையில் உங்கள் அக்கா போன் செய்தாள். நான் பழக்க தோஷத்தில் "சொல்லும்மா" என்றேன். "யாருடி நீ? அவர் போனை நீ எதுக்கு எடுக்கறே? கூப்பிடு அவரை!" என்றாள். "நான்தான் பேசறேன்" என்றேன் அதே குரலில், பதற்றத்தில் இன்னும் மெல்லிசாக. "நீதான் பேசறேன்னு தெரியுது, அவர் எங்கே?" என்றாள். அன்று மாலை வீட்டு வாசலில் வைத்து நான் கீச்சுக் குரலிலும் இடிக் குரலிலும் மாற்றி மாற்றிப் பேசிக் காட்டிய பிறகுதான் கதவு திறந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். இதை உங்களுக்கு அவள் எப்படிச் சொல்லியிருப்பாள் என்று தெரியவில்லை, ஆனால் நடந்தது இதுதான்.

இனி ரேடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரேடியோ என்பது பொருள் இல்லை, பிள்ளை. என் வகுப்பில் மூன்றாம் பெஞ்சுப் பெண். வயது பன்னிரண்டு, குரல் ஐம்பது. நல்ல கட்டையான குரல். வருஷ ஆரம்பத்தில் ஒவ்வொரு பிள்ளையும் செயலியிடம் தன் பெயரைச் சொல்லிப் பதிய வேண்டும் என்றார்கள். இவள் சொன்னதும், "ஆசிரியரை மாணவராகப் பதிய இயலாது" என்றது. திரும்பத் திரும்பச் சொல்லியும் அதே பதில். பள்ளி கிளார்க்குக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். பக்கத்துப் பெண்ணைக் கூப்பிட்டு இவள் பெயரைச் சொல்ல வைத்துப் பதிந்துவிட்டார். ஆக ரேடியோ பதிவேட்டில் இருக்கிறாள், அவள் குரல் மட்டும் என் கணக்கில் இருக்கிறது. அவளோ கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவள். "சார், அரையைக் காலால வகுத்தா ரெண்டு வருது. வகுத்தா குறையணும்ல, எப்படி சார் கூடுது?" என்று கேட்பாள். எத்தனை வருஷமாகப் பின்னம் நடத்துகிறேன், இதை இவ்வளவு நேராக யாரும் என்னைக் கேட்டதில்லை. ஆனால் அவள் கேட்டு முடிப்பதற்குள் சிவப்பு எரியும். நான் டேப்லெட்டைப் பார்ப்பேன், அவள் என்னைப் பார்ப்பாள்.

பிள்ளைகளுக்கு எதுவும் ஒளிக்க முடியாது. ஒருநாள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து, "சார், நான் பேசினா உங்களுக்குச் சிவப்பு விழுதாமே?" என்றாள், தன்னால் முடிந்த அளவு ரகசியமாக. "ஆமாம்மா" என்றேன், எலிக் குரலில். "சரி சார், அப்ப நான் பேசலை" என்று போய் உட்கார்ந்துவிட்டாள். அன்று முழுக்கப் பச்சை. எனக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது, மாப்பிள்ளை, பொய் சொல்வானேன்? வெட்கம் மறுநாள்தான் வந்தது. பிள்ளைகளைப் பேச வைப்பதற்காக வந்த திட்டத்தில், என் வகுப்பில் உருப்படியாகப் பேசிக்கொண்டிருந்த ஒரே பிள்ளையின் வாயை நான் அடைத்திருந்தேன். அப்புறம் அவள் கேள்விகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதி மேஜையில் வைக்க ஆரம்பித்தாள். அரையைக் காலால் வகுப்பதற்கு, "வீட்டில் ஒரு ரிப்பனை எடுத்து வெட்டிப் பார்" என்று எழுதிக் கொடுத்தேன். வெட்டியது அவள் அம்மாவின் புது ரிப்பன் என்றும், அதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்றும் அடுத்த துண்டில் வந்தது. கூடவே, "புரிஞ்சிடுச்சு சார்" என்றும் இருந்தது.

இதற்கிடையில் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. "உங்கள் வகுப்பில் பதியப்படாத மாணவர் ஒருவர் நெடுநாளாகப் பேசி வருகிறார்" என்று செயலியிலிருந்து செய்தி வந்தது. பதிந்த எந்தக் குரலோடும் சேராத என் எலிக் குரலைத்தான் சொல்கிறது. பதியும் வரை வருகைப்பதிவை முடிக்க விடவில்லை. பெயர் கேட்டது. கிளார்க் "புதியவன்" என்று போட்டார். பிறந்த தேதி கேட்டது. அவர் யோசிக்காமல் அன்றைய தேதியைப் போட்டார். பிறந்த அன்றே ஏழாம் வகுப்பு. அதையும் ஏற்றுக்கொண்டது. நாற்பது பேர் இருந்த வகுப்பில் நாற்பத்தொன்று ஆயிற்று. மாதக் கடைசியில் அவனைப் பற்றி அறிக்கையும் வந்தது. "கணக்கில் அபாரத் திறமை. பிறரைப் பேச விடுவதில்லை. தானே கேட்டுத் தானே பதில் சொல்கிறான். வீட்டில் போதிய கவனிப்பு இல்லை என்று தோன்றுகிறது. பெற்றோரை அழைக்கவும்." இதை நான் வீட்டில் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. "வீட்டுல கவனிப்பு இல்லையாமா? யாரு சொன்னா? அதை இங்க வரச் சொல்லுங்க" என்று உங்கள் அக்கா கிளம்பிவிட்டாள். பள்ளியில் தலைமையாசிரியை, "யார் சார் அந்தப் பையன்? அவன் அப்பா அம்மாவை வரச் சொன்னீங்களா?" என்றார். "அவனுக்கு அப்பா அம்மா இல்லை மேடம்" என்றேன். இது உண்மை, இருவரும் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம் சார். நீங்கதான் அவனைப் பார்த்துக்கணும்" என்றார். பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன்.

என் வகுப்பில் ஆசிரியர் பேச்சு நூற்றுக்கு நான்கு என்று வந்தது. எல்லாப் பள்ளிகளிலும் அதுதான் குறைவாம். உடனே உங்கள் ஆய்வுக்குழு ஒன்று புறப்பட்டு வந்தது. ஓர் அம்மாள், மடிக்கணினியோடு இரண்டு இளைஞர்கள், மூவரும் கடைசி பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் என்ன செய்ய? வெளியாட்கள் மூன்று பேர் முன்னால் எலிக் குரலில் பேச மானம் இடம் கொடுக்கவில்லை. சொந்தக் குரலில் பேசப் பச்சை இடம் கொடுக்கவில்லை. ஒன்றும் பேசாமல், அரை வகுத்தல் கால் என்று பலகையில் எழுதிவிட்டு ஒதுங்கி நின்றேன். வகுப்பு கப்சிப். "ஆழ்ந்த சிந்தனை" என்று அந்த அம்மாள் எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன். சிந்தனையும் இல்லை, ஒன்றும் இல்லை. வழக்கம்போலப் புதியவன் ஆரம்பிக்கட்டும் என்று பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரம் நகர மறுத்தது. ஒரு பையன் தும்மினான், பச்சை ஒருமுறை மின்னி அணைந்தது.

ரேடியோவுக்குத் தாங்கவில்லை. எழுந்து பலகைக்கு வந்தாள். பையிலிருந்து வெட்டின ரிப்பன் துண்டுகளை எடுத்தாள். "ஏய், எல்லாரும் இங்க பாருங்க" என்றாள். சுவர் அதிர்ந்தது. "வகுக்கறதுன்னா குறைக்கறதுன்னு யாரு சொன்னா? எத்தனை துண்டுன்னு கேக்கறது. இது அரை மீட்டர். இதைக் கால் மீட்டரா வெட்டு. எத்தனை வருது? ரெண்டு! துண்டு சின்னதானா எண்ணிக்கை கூடும். மண்டையில ஏறுதா?" என்றாள். அந்த ‘மண்டையில ஏறுதா’ என்னுடையது. அப்புறம் நடந்ததை நான் எப்படிச் சொல்வேன்! "அப்ப காலை அரையால வகுத்தா?" என்று ஒருவன் கேட்டான். "ஒரு துண்டுகூட முழுசா வராதே" என்றாள் ஒருத்தி. "பாதித் துண்டு வரும்டா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நாலு பேர் எழுந்து பலகைக்கே வந்துவிட்டார்கள். நீங்கள் சுற்றறிக்கையில் கேட்டது இதைத்தான் மாப்பிள்ளை, எழுத்துக்கு எழுத்து இதையேதான். நான் ஒதுங்கி நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

டேப்லெட் சிவப்பாய் எரிந்துகொண்டிருந்தது. குழுவினர் அதைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், என் மூடிய வாயைப் பார்த்தார்கள். "இது ஆசிரியர் பேசறார்னு காட்டுதே? பேசினது அந்தப் பொண்ணுதானே?" என்றார் அந்த அம்மாள். "மேடம், கருவி தப்பாக் காட்டாது" என்றான் இளைஞர்களில் ஒருவன். அப்படியானால் என்ன அர்த்தம் என்று மூன்று பேரும் தலையைச் சேர்த்து யோசித்தார்கள். யோசித்து அறிக்கை எழுதினார்கள்: "இவ்வகுப்பில் ஒரு மாணவி ஆசிரியராகவே மாறிவிட்டதை நம் கருவி உறுதி செய்துள்ளது. பணியிலுள்ள ஆசிரியர் பயன்பாடின்றிச் சுவரோரம் நிற்கிறார்." அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பெருமையில் இருந்தவன் மறந்துவிட்டேன். அதன் மேல் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். ரேடியோவை மாணவ வழிகாட்டி ஆக்கிவிட்டீர்கள், என்னை ஒயர் சுற்ற அனுப்புகிறீர்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் சொந்தத் தொண்டையில் வைத்துக்கொண்டேன்.

ஆணையை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். ரேடியோ அதைப் படித்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். "நான் அன்னிக்கு வாயைத் திறந்திருக்கக் கூடாது, இல்ல சார்? என்னாலதானே உங்களை அனுப்பறாங்க?" என்றாள். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். நம்பவில்லை. வழிகாட்டி என்று எழுதின பேட்ஜ் ஒன்று உங்கள் அலுவலகத்திலிருந்து வந்தது. அதைப் பைக்குள் திணித்துவிட்டாள். இப்போது பேச்சும் இல்லை, மேஜையில் துண்டுக் காகிதமும் இல்லை. மற்ற பிள்ளைகள் பந்து விளையாட்டுப் பேச்சுக்குத் திரும்பிவிட்டார்கள், விளக்கு பச்சையாக எரிகிறது.

மாப்பிள்ளை, எனக்கு அந்த வகுப்பு வேண்டும். வேறு எதுவும் நான் இதுவரை உன்னிடம் கேட்டதில்லை. ஒயர் சுற்றுவது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை, யாராவது சுற்றத்தான் வேண்டும். ஆனால் பேசினதுதான் தப்பு என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிட்டிருக்கிறாள். அந்த முடிவை மாற்றாமல் நான் கிடங்குக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது. ஆகவே இரண்டு வேண்டுகோள். ஒன்று, ஆணையைக் கிழித்துவிடு. இரண்டு, புதியவன் என்று ஒருவன் இல்லை, அது நான்தான், அவன் பெயரை உடனே பதிவேட்டிலிருந்து அடித்துவிடு. அதற்காக என்மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். நடவடிக்கையை வகுப்பறையிலேயே வைத்து எடுத்தால் நல்லது. "நல்லா உறைக்கிற மாதிரி எழுதுங்க, சின்ன வயசுலேர்ந்தே அவன் ஒரு தடவை சொன்னா கேக்க மாட்டான்" என்று உங்கள் அக்கா சொல்கிறாள். உறைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் பதவி மேலும் உயரட்டும், கோப்புகள் மேஜையில் தேங்காதிருக்கட்டும், சின்னவளுக்கு அடுத்த பல்லும் அழாமல் முளைக்கட்டும், பெரியவனுக்கு வாய்ப்பாடு வரட்டும். வராவிட்டால் விடுமுறைக்கு இங்கே அனுப்பி வைக்கவும். உங்கள் வீட்டம்மாளுக்கு எங்கள் இருவரின் அன்பும் விசாரிப்பும்.

இப்படிக்கு,
தொண்டை கட்டிய நிலையில்,
உங்கள் அத்தான்.

பி.கு. இந்தக் கடிதத்தை எழுதி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. தபாலில் சேர்க்கச் சொல்லி உங்கள் அக்காவிடம் கொடுத்திருந்தேன். ‘வீற்றிருப்பவர்’ என்றெல்லாம் எழுதினால் அவனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று அலமாரியிலேயே வைத்துவிட்டாள். நல்லதாய்ப் போயிற்று. மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். ஆணையைக் கிழிக்க வேண்டாம். புதியவன் மேல் கையே வைக்க வேண்டாம்.

முதல் தேதி காலை என்னை முறைப்படி உபரியாக்கி வகுப்பிலிருந்து விடுவித்தார்கள். கிடங்குக்கு நான் கிளம்புவதற்குள், உபரி ஆசிரியர்களுக்குக் காலி இடம் தேடும் உங்களுடைய இன்னொரு செயலி எனக்கு ஓர் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது. நாற்பது பிள்ளைகள் வரை மாணவ வழிகாட்டி ஒருவர் போதுமாம், ஒரு தலை கூடினாலும் இரண்டாவதாக ஓர் ஆசிரியர் கட்டாயமாம். நாற்பத்தொரு பேர் இருக்கும் வகுப்பு ஒன்று ஆசிரியர் இல்லாமல் தவிப்பதாகச் சொல்லி, என்னை உடனே அங்கே மாற்றியிருக்கிறது. அது என் வகுப்புதான். புதிய இடத்துக்குப் போய்ச் சேர மூன்று நாள் பயண அவகாசம் கொடுத்திருந்தார்கள். விதியை மீறக் கூடாது என்பதால் மூன்று நாளும் வகுப்பு வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து பயணம் செய்தேன்.

இரண்டு பேர் பொறுப்பிலுள்ள வகுப்பில் ஆசிரியர் பேச்சு அறுபது வரை போகலாம் என்றும் உங்கள் விதியிலேயே இருக்கிறது. "முப்பது உனக்கு" என்று ரேடியோவிடம் சொன்னேன். "நான் பேசினா இனிமே யாரையும் அனுப்ப மாட்டாங்களா சார்?" என்றாள். "நீ பேசினதாலதான் எனக்கு ரெண்டாவது நாற்காலி கிடைச்சிருக்கு, பேசு" என்றேன். பிறகு பைக்குள்ளிருந்து பேட்ஜை எடுத்துக் குத்திக்கொண்டு, வருகைப்பதிவு எடுப்பது வழிகாட்டியின் வேலை என்று என் கையிலிருந்து பதிவேட்டை வாங்கிக்கொண்டாள். நாற்பது பெயரையும் சுவர் அதிரக் கூப்பிட்டாள், தன் பெயர் உட்பட. கடைசியில், சிரிப்பே இல்லாமல், "புதியவன்!" என்றாள். ஒரு நாள் அவன் வராவிட்டாலும் என் வேலை போய்விடும். மொத்த வகுப்பும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, என்னால் முடிந்தவரை மெல்லிய குரலில், "உள்ளேன் அம்மா" என்றேன்.